மருந்துப் பெட்டியும் பதிவேடும்: கிழக்கேகோட்டையில் ஹோமியோபதி கடந்து வந்த வழி

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் கோயில்களிலும் கோட்டை மதில்களிலும் தேடுவது நம் வழக்கம். அவற்றோடு அதன் மருந்துக் கடைகளையும் சேர்த்துக்கொண்டால் அவ்வரலாறு இன்னும் நிறைவு பெறும். மக்கள் எதற்கு அஞ்சினார்கள், யாரை நம்பினார்கள், கையில் எவ்வளவு காசு வைத்திருந்தார்கள் என்பவற்றையெல்லாம் மருந்துக் கடைகள் நமக்குச் சொல்லும்.

திருவனந்தபுரத்தில் இத்தகைய ஆராய்ச்சிக்குக் கிழக்கேகோட்டையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. கோட்டை வாயிலுக்கு உள்ளே பத்மநாபசுவாமி திருக்கோயிலும், அதனைச் சூழ்ந்து தமிழ் ஒலிக்கும் அக்கிரகாரத் தெருக்களும் உள்ளன. வெளியே வந்தால் பழவங்காடிப் பிள்ளையார் அருள்பாலிக்கிறார். அவரை வணங்கி அப்பால் நடந்தால், திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெரு. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வணிகர் பலர் வாழ்ந்து வளர்ந்த இத்தெருவில், வேரும் பட்டையும் மணக்கும் நாட்டு மருந்துக் கடைகள் இன்றும் நடைபெறுகின்றன. நகரின் பிற பகுதிகளில், 1865-இல் திறக்கப்பெற்ற பொது மருத்துவமனையும், 1889-இல் தோன்றிய ஆயுர்வேதப் பாடசாலையும், 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் இரு பெரு மருத்துவ முறைகளுக்கு நிலைக்களன்கள் ஆயின.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது முறை ஒன்று ஓசையின்றி வந்து அமர்ந்தது. சிறு கண்ணாடிக் குப்பி, அதற்கு ஒரு தக்கை, உள்ளே கடுகினும் சற்றுப் பெரிய வெண்ணிறச் சர்க்கரை உருண்டைகள்: இவ்வளவே அதன் வெளித்தோற்றம். கேரள மாநிலத்தின் முதல் அரசு ஹோமியோபதி மருந்தகம் 1958-இல் இக்கிழக்கேகோட்டையில்தான் தொடங்கப்பெற்றது என்னும் செய்தி, நாள்தோறும் அவ்வழியே பேருந்து பிடிக்க ஓடும் நம்மில் பலர் அறியாதது. அச்செய்திக்கு முன்னும் பின்னும் உள்ள வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முள்ளை முள்ளால் எடுத்தல்

ஹோமியோபதியின் தந்தை சாமுவேல் ஹானிமன் என்பார், ஜெர்மானிய நாட்டுச் சாக்சனி மாநிலத்து மைசன் நகரில் 1755 ஏப்ரல் 10-ஆம் நாள் பிறந்தவர். முறையாக மருத்துவம் பயின்று பட்டம் பெற்றவர். அக்கால ஐரோப்பிய மருத்துவம் இன்றைய மருத்துவம் போன்றதன்று. குருதியை வடித்தல், கடும் பேதி மருந்து கொடுத்தல், பாதரசத்தை மிகுதியாகப் புகட்டுதல் ஆகியவையே பெரு மருத்துவர்களின் கைக்கருவிகளாக இருந்தன. நோயைவிட மருத்துவமே கொடிது என்று மனம் நொந்த ஹானிமன், மருத்துவத் தொழிலைக் குறைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பால் பிழைக்கலானார்.

அவ்வாறு 1790-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் கல்லன் என்பாரின் நூலை மொழிபெயர்க்கையில், குளிர்க்காய்ச்சலைத் தணிக்கும் சின்கோனாப் பட்டையைப் பற்றிய ஒரு விளக்கம் அவருக்கு ஐயத்தை எழுப்பியது. அப்பட்டையைத் தாமே உண்டு பார்த்தார். நோயற்ற தம் உடலில் குளிர்க்காய்ச்சலை ஒத்த குறிகள் தோன்றக் கண்டதாக எழுதினார். (பின்னாளில் 1860-களில் ஆங்கில அரசு நம் நீலகிரி மலையில் பயிரிட்டதும் இச்சின்கோனாவே.) நலமுடையார்க்கு எக்குறிகளை ஒரு பொருள் உண்டாக்குகிறதோ, அக்குறிகளையுடைய நோயை அப்பொருளே நீக்கும் என்பது அவர் கண்ட முடிபு. இதனை 1796-இல் கட்டுரையாகவும், 1810-இல் ‘ஆர்கனான்’ என்னும் நூலாகவும் வெளியிட்டார். முள்ளை முள்ளால் எடுக்கவேண்டும் என்று பழமொழி பேசி வளர்ந்த தமிழனுக்கு இக்கொள்கை எளிதில் பிடிபட்டதில் வியப்பில்லை.

கொள்கையின் இரண்டாம் பகுதிதான் வழக்கிற்கு உரியது. நச்சுத்தன்மையைக் குறைக்கும்பொருட்டு ஹானிமன் மருந்தைப் படிப்படியாக நீர்த்தார். ஒரு துளி மருந்தை 99 துளிச் சாராயத்தோடு கலந்து குலுக்குவது ஒரு படி. அதிலிருந்து ஒரு துளியை எடுத்து மீண்டும் 99 துளியோடு கலப்பது இரண்டாம் படி. இவ்வாறு 30 படிகள் செல்வது வழக்கம். நீர்க்க நீர்க்க மருந்தின் வீரியம் ஏறும் என்பது அவர் துணிபு. அவர் 1843-இல் பாரிஸ் நகரில் மறைந்தார். ஒரு பொருளில் எத்தனை மூலக்கூறுகள் உள என்பதற்கு முதல் மதிப்பீடு கிடைத்ததே 1865-இல்தான். அக்கணக்கின்படி, பன்னிரண்டாம் படியைத் தாண்டிய மருந்தில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சியிருத்தல் அரிது. இவ்வினா பின்னர் மீண்டும் நம் முன் வரும்.

இந்திய மண்ணில்

இம்மருத்துவம் இந்தியாவில் நுழைந்த வழிகள் பல. டிரான்சில்வேனியா நாட்டு மருத்துவர் ஹோனிக்பெர்கர், 1839-இல் லாகூரில் பஞ்சாப் சிங்கம் ரஞ்சித் சிங் மன்னருக்கு இம்முறையில் மருத்துவம் செய்தார். தமிழர்க்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. 1840-களின் பிற்பகுதியில், சாமுவேல் புரூக்கிங் என்னும் ஓய்வுபெற்ற ஆங்கில மருத்துவர், தஞ்சை, புதுக்கோட்டை மன்னர்களின் ஆதரவோடு தஞ்சையில் ஹோமியோபதி மருத்துவமனை அமைத்தார். சில ஆண்டுகளுக்குள் 1855-இல் தஞ்சை மன்னர் மறைய, அவ்வரசையே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். மன்னரின் அருளை நம்பி நின்ற முயற்சிக்கு வேர் இல்லை என்பது இதனால் விளங்கும்.

வேர் பிடித்தது வங்காளத்தில். கல்கத்தாவின் செல்வர் இராஜேந்திரலால் தத்தர் இம்முறையைக் கற்று இலவசமாக மருந்தளித்தார். ஈசுவர சந்திர வித்தியாசாகரரும் அவரால் இம்முறையில் ஈடுபாடு கொண்டார். எனினும், அதற்கு அறிஞருலகில் இடம் தேடித் தந்தவர் மகேந்திரலால் சர்க்கார் ஆவார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உயர் மருத்துவப் பட்டம் பெற்ற இரண்டாமவர் இவர். தொடக்கத்தில் ஹோமியோபதியை எள்ளி நகையாடியவர். நோயாளிகளைப் பன்முறை நேரில் கண்டபின் மனம் மாறி, 1867-இல் ஆங்கில மருத்துவச் சங்கத்தின் வங்கக் கிளையிலேயே எழுந்து தம் மாற்றத்தை அறிவித்தார். அன்றிலிருந்து உடன் மருத்துவர்கள் அவரை ஒதுக்கினர், நோயாளிகளும் விலகினர். அவர் தளரவில்லை. 1868-இல் மருத்துவ இதழ் ஒன்றைத் தொடங்கினார்.

இவரைப் பற்றி மற்றொரு செய்தியைச் சொல்லாது விட்டால் வரலாறு பாதியே ஆகும். 1876-இல் இவர் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1928-இல் தம் பெயர் தாங்கிய ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தது அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான். நேரிற் கண்டதை நம்பத் துணிந்த நெஞ்சும், கண்டதைச் சோதித்துப் பார்க்கக் கூடம் கட்டிய அறிவும் ஒருவரிடமே இருந்தன என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டுகிறேன்.

மேற்குக் கரையில் இம்முறையைப் பரப்பியவர் மங்களூர் கங்கநாடியில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி அகஸ்டஸ் முல்லர் ஆவார். 1880-இல் சிறியதொரு மருந்தகமாக அவர் தொடங்கியது, தொழுநோயாளர் இல்லமாகவும் பெரு மருத்துவமனையாகவும் பின்னர் விரிந்தது.

பெட்டி வைத்தியர்

கல்லூரிகள் பெருகுமுன் இம்மருத்துவம் நாட்டில் பரவியது எவ்வாறு? அஞ்சல் வழியாகவும் அச்சு நூல் வழியாகவும் எனலாம். மருந்து கெடுவதில்லை, எடை குறைவு, விலையும் குறைவு. ஒரு மரப்பெட்டியில் நூறு குப்பிகளை அடுக்கி வைக்கலாம். அமெரிக்க மருத்துவர் வில்லியம் போரிக் 1901-இல் வெளியிட்ட கையடக்க நூல், எளிய ஆங்கிலம் அறிந்த எவரும் படித்துப் பொருள் கொள்ளக்கூடியது. நாடி பார்க்கும் பயிற்சி வேண்டியதில்லை. கத்தியும் ஊசியும் வேண்டியதில்லை. வேண்டியதெல்லாம் பொறுமை, நினைவாற்றல், வந்தவரிடம் வினவும் பழக்கம் ஆகியவையே.

ஆகவே பள்ளி ஆசிரியர், அஞ்சலகத்தார், வழக்கறிஞரின் குமாஸ்தா, கச்சேரி எழுத்தர் முதலியோர் இதனை எளிதில் மேற்கொண்டனர். வங்காளத்தில் தோன்றிய இவ்வழக்கம் திருவாங்கூரிலும் படர்ந்தது. எழுத்தறிவு மிக்க நாடு. சம்பளம் குறைந்த நடுத்தர வகுப்பு. ஊர்ப்புறத்தில் மருத்துவமனை தொலைவு. இம்மூன்றும் சேர்ந்தால் பெட்டி வைத்தியர் தோன்றாதிருப்பது எவ்வாறு? மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பி, முகம் கழுவி, விளக்கேற்றியபின் திண்ணையில் அமர்ந்து, காத்திருக்கும் நாலைந்து பேருக்குப் பொட்டலம் மடித்துத் தருவார் அவர். கட்டணம் என்று கேட்பதில்லை. குப்பிக் காசு கொடுத்தால் பெற்றுக்கொள்வார். காப்பி கூடாது, பெருங்காயம் கூடாது, கற்பூரத்தை அருகே வைக்காதே என்ற பத்தியத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவார்.

இவரை நாம் எள்ளுதல் தகாது. அவர் கையில் இருந்தது வலிமை மிக்க மருந்தா என்பது வேறு வினா. வீட்டு வாயிலில் வந்து நின்ற ஏழையின் துயரை அரைமணி நேரம் கேட்க ஒருவர் இருந்தார் என்பது மறுக்கவொண்ணாதது. அதே வேளையில், குழந்தையின் நீர்வறட்சியையும் மூளைக்காய்ச்சலையும் அறிந்துகொள்ளும் பயிற்சி அவருக்கு இல்லை என்பதும், அதனால் காலம் தாழ்ந்து உயிர் இழப்பு நேரக்கூடும் என்பதும் மறுக்கவொண்ணாதனவே. நல்லெண்ணம் மட்டும் மருத்துவம் ஆகாது. இவ்விடத்தில்தான் அரசு நுழையவேண்டியதாயிற்று.

திருவாங்கூரின் அங்கீகாரம்

திருவாங்கூர்ச் சட்டமன்றத்தில் 1928-இல் டாக்டர் எம். என். பிள்ளை, ஹோமியோபதியை அரசு அங்கீகரிக்கவேண்டும் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அப்போது இளவரசருக்காக ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த மகாராணி சேது லட்சுமிபாயின் அரசு அவ்வாண்டே அதற்கு இசைவு அளித்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் மையச் சட்டசபையில் இதற்கெனத் தீர்மானம் வந்தது 1937-இல்தான் என்பதை நோக்கின், திருவாங்கூர் எவ்வளவு முந்திச் சென்றது என்பது புலனாகும்.

அடுத்து 1943-ஆம் ஆண்டின் திருவாங்கூர் மருத்துவர் சட்டம், பிற முறை மருத்துவர்களோடு ஹோமியோபதி மருத்துவர்களுக்கும் பதிவேட்டில் இடம் தந்தது. திருவாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் 1953-இல் வந்த சட்டம் இதனை விரிவுபடுத்தியது. கேரள மாநிலத்தின் மருத்துவத் தொழிலை அச்சட்டமே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆண்டது. 2021-ஆம் ஆண்டின் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

1956 நவம்பர் முதல் நாளில் கேரளம் பிறந்தது. தென்பகுதியின் நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. 1957-இல் அமைந்த ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில், தாமே ஆங்கில மருத்துவம் கற்றவரான டாக்டர் ஏ. ஆர். மேனன் நல்வாழ்வுத் துறையைக் கொண்டிருந்தார். அவ்வாட்சியில்தான், 1958-இல், கிழக்கேகோட்டையில் முதல் அரசு மருந்தகம் திறக்கப்பெற்றது. அதுகாறும் தனியாரின் திண்ணையில் இருந்த மருந்துப் பெட்டி, அரசாங்கத்தின் மேசைமேல் ஏறிய நாள் அது. அவ்வாண்டிலேயே கோட்டயத்தை அடுத்த குறிச்சியில் ஆதுராசிரமத்தின் சார்பில் ஹோமியோபதிக் கல்லூரியும் தோன்றியது.

அரசு மருந்தகம் என்றால் அரசு மருந்து வேண்டும். கல்கத்தாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வரும் மருந்தையே நம்பியிருத்தல் இயலாது என்பதால், 1965-இல் ஆலப்புழையில் கூட்டுறவு முறையில் ‘ஹோம்கோ’ என்னும் மருந்து உற்பத்தி நிலையம் அமைந்தது. 1973-இல் ஹோமியோபதிக்கெனத் தனித் துறை உருவாயிற்று. 1983-இல் திருவனந்தபுரம் இரணிமுட்டத்தில் அரசுக் கல்லூரி தொடங்கியது. இன்று கேரளத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட அரசு மருந்தகங்கள் உள. கிழக்கேகோட்டையின் ஒற்றை மருந்தகத்திலிருந்து இவ்வளவும் விரிந்தன என்றால் அது சிறு வளர்ச்சி அன்று.

தமிழகத்திலும் 1975-இல் மதுரை மாவட்டத்துத் திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதிக் கல்லூரி அமைந்தது. ஆயினும் தனியார் கல்லூரிகள் நெருங்கி அமைந்திருப்பது குலசேகரம், ஆற்றூர் முதலிய ஊர்களைக் கொண்ட கன்னியாகுமரி மாவட்டத்தில்தான். எல்லைக்கோடு மாறினாலும் பழைய திருவாங்கூரின் மருத்துவப் பழக்கம் மாறவில்லை போலும்!

பதிவேட்டின் காலம்

1973-இல் இந்திய நாடாளுமன்றம் ஹோமியோபதி மையக் கழகச் சட்டத்தை இயற்றியது. இச்சட்டம் நாடு முழுமைக்கும் ஒரு பதிவேட்டை வகுத்து, அதனை இரு பகுதியாகப் பிரித்தது. அங்கீகரிக்கப்பெற்ற கல்வித்தகுதி உடையோர் முதற்பகுதியிலும், மாநிலப் பதிவேடுகளில் முன்பே இடம்பெற்ற ஏனையோர் இரண்டாம் பகுதியிலும் இடம்பெற்றனர். பெட்டி வைத்தியரில் முன்னமே பெயர் பதிந்தோர் இரண்டாம் பகுதியில் மதிப்போடு எஞ்சினர். அவர் தம் மகனோ மருமகளோ அத்தொழிலைச் செய்யவேண்டுமாயின் கல்லூரிக்குத்தான் போகவேண்டும். ஒரு தலைமுறையில் ஒரு தொழில் தன் இயல்பையே மாற்றிக்கொண்ட கதை, இவ்விரு பகுதிகளுக்குள் அடங்கிவிட்டது.

1975-இல் கல்கத்தாவில் தேசிய ஹோமியோபதி நிறுவனமும், 1978-இல் மைய ஆராய்ச்சிக் கழகமும் ஏற்பட்டன. 1983-ஆம் ஆண்டின் கல்வி விதிகள் பட்டயத்தையும் பட்டத்தையும் நாடெங்கும் ஒரு தரத்திற்குக் கொணர்ந்தன. நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியுமாகப் பட்டப்படிப்பு அமைந்தது. உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல் ஆகியவற்றை இம்மாணவரும் கற்கவேண்டும். இன்று நாடு தழுவிய நுழைவுத் தேர்வை எழுதாமல் இக்கல்லூரிகளில் நுழைய முடியாது. 1995-இல் மைய அரசில் தனித் துறை, 2003-இல் அதற்கு ‘ஆயுஷ்’ என்னும் பெயர், 2014-இல் தனி அமைச்சகம், 2020-இல் தேசிய ஹோமியோபதி ஆணையச் சட்டம் என ஏடுகள் வளர்ந்துகொண்டே வந்துள்ளன.

உரிமை வரும்போது வரம்பும் உடன் வரும். 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றில் இவ்வரம்பு தெளிவாயிற்று. காய்ச்சலுற்ற ஒருவருக்கு ஹோமியோபதி மருத்துவர் ஆங்கில மருந்துகளைக் கொடுக்க, நோயாளி இறந்துபோனார். தாம் பயிலாத முறையில் மருத்துவம் செய்ததே கவனக்குறைவு ஆகும் என்று நீதிமன்றம் முடிவு கூறியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் திண்ணையில் எவரும் எதையும் கொடுக்கலாம் என்றிருந்த நிலை இவ்வாறு மறைந்தது. நோயாளிக்குக் கிடைத்த பெரும்பேறு இது என்பதில் ஐயமில்லை.

நெடுநாள் மருத்துவர் ஒருவர்

சட்டங்களின் அடுக்கில் மனிதர் மறைந்துவிடக்கூடாது. 1970-களின் இறுதியில் பட்டயம் பெற்றுத் தொழிலில் இறங்கி, நாற்பது ஆண்டு கழித்து ஓய்ந்த மருத்துவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இவர் தனியொருவர் அல்லர். ஒரு தலைமுறைக்கே வரைந்த சித்திரம் எனக் கொள்க.

தொடக்கத்தில் அவர் மேசைமேல் கென்ட் என்னும் அமெரிக்கர் 1897-இல் தொகுத்த குறிகளின் அகராதி பெரிய செங்கல் போல் கிடந்தது. வந்தவரை அமரச் செய்து வினவுவார்: தாகம் மிகுதியா? எப்பக்கம் சாய்ந்து உறங்குவாய்? குளிர் ஆகாதா, வெயில் ஆகாதா? கனவில் என்ன காண்கிறாய்? எதற்கு அஞ்சுகிறாய்? ஹானிமன் தம் நூலில் நோயாளியை வினவும் முறைக்கென்றே இருபதுக்கும் மேற்பட்ட பத்திகளை ஒதுக்கியுள்ளார். தலைவலி என்று வந்த மூதாட்டி, மகனைப் பறிகொடுத்த கதையைச் சொல்லி முடிக்கும்வரை மருத்துவர் பேனாவை எடுக்கமாட்டார்.

அவர் அரசுப் பணியில் சேர்ந்தபின் வரிசை நீண்டது. சீட்டு, பதிவு, மருந்து, அடுத்தவர் என்று ஒழுங்கு வந்தது, உரையாடல் சுருங்கியது. கென்டின் அகராதி கணிப்பொறிக்குள் புகுந்தது. பக்கம் புரட்டிய விரல் பொத்தானை அழுத்தியது. நோயாளிகளும் மாறினார்கள். முன்பு குழந்தைகளின் சளியும் பெரியோரின் மூட்டுவலியும் வந்தன. இன்று இரத்த அழுத்தம், சர்க்கரை, ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றோடு, ஆய்வக அறிக்கைகளைக் கட்டாகக் கையில் ஏந்தியும் வருகிறார்கள். மகளிர்க்கெனச் ‘சீதாலயம்’, மகப்பேறு வேண்டுவோர்க்கென ‘ஜனனி’ எனக் கேரள அரசு தனித் திட்டங்களை நடத்துகிறது. மைய அரசு ஊழியர்க்கென 1954-இல் தில்லியில் பிறந்த நலத்திட்டத்திலும் இம்மருத்துவத்திற்கு இடம் உண்டு. எம் போன்றோர் அடையாள அட்டையோடு சென்று மருந்து பெறலாம்.

ஆக, மருத்துவர்க்குப் பட்டம் வந்தது, ஊதியம் வந்தது, ஓய்வூதியமும் வந்தது. அவரிடம் முன்பு தாராளமாக இருந்து இன்று அரிதாகிப்போனது நேரம் ஒன்றே. இம்மருத்துவத்தின் எதிரிகளும் இதில் நன்மை இருந்தது என ஒப்புக்கொள்ளும் ஒரே பொருளும் அதுவே என்பதுதான் விந்தை.

விடை வேண்டி நிற்கும் வினா

இனி, நீர்த்தலைப் பற்றி முன்னர் விட்ட வினாவிற்கு வருவோம். 2005-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில், ஹோமியோபதி பற்றிய 110 சோதனைகளையும் நவீன மருத்துவம் பற்றிய 110 சோதனைகளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. பெரிய, தரமான சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஹோமியோபதியின் பயன் வெற்று மாத்திரையின் பயனை விஞ்சவில்லை என்பது அதன் முடிவு. 2010-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவும், 2015-இல் ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் இதையொத்த முடிவுக்கே வந்தன. இம்முறை மருத்துவர்கள் இவ்வாய்வுகளின் முறையைக் குறைகூறுகின்றனர். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி மருந்து தேரும் முறையை ஒரே அளவுகோலால் அளக்கலாகாது என்பது அவர் வாதம். அதற்கு மறுமொழி, தனித்தனியே தேர்ந்த மருந்தையும் வெற்று மாத்திரையையும் மறைவாக மாற்றிக் கொடுத்துச் சோதித்தல் இயலும் என்பதே. அத்தகைய சோதனைகளும் நடந்துள்ளன.

இது ஏட்டு வழக்கன்று. 2020-இல் கொரோனாத் தொற்று வந்தபோது, மைய ஆயுஷ் அமைச்சகம் ‘ஆர்சனிகம் ஆல்பம் 30’ என்னும் மருந்தைத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்தது. கேரளத்திலும் அது வழங்கப்பெற்றது. 2021-இல் பள்ளிகள் மீண்டும் திறக்குமுன் மாணவர்க்கு அதனைக் கொடுக்க முற்பட்டபோது, இந்திய மருத்துவச் சங்கத்தார் சான்று எங்கே என்று எதிர்த்தனர். உருண்டையை உண்டவன் தனக்குக் காப்பு உண்டு என்று எண்ணி முகக்கவசத்தையோ தடுப்பூசியையோ கைவிட்டால், அதன் விலையை அவன் மட்டுமன்றி அண்டை வீட்டாரும் கொடுக்க நேரும்.

பதிவேடு என்றால் என்ன என்பதை நாள்தோறும் அதனோடு வாழும் எழுத்தர்கள் நன்கு அறிவோம். ஒருவர் பெயர் ஏட்டில் ஏறியது என்றால், அவர் உரிய தேர்வு எழுதினார், உரிய கட்டணம் செலுத்தினார் என்பதற்கு அது சான்று. அவர் கையிலுள்ள மருந்து நோயைத் தீர்க்கும் என்பதற்கு அது சான்று ஆகாது. 1928-இன் தீர்மானமும் 1958-இன் மருந்தகமும் 1973-இன் சட்டமும் மக்கள் விருப்பத்தின் பயனாக வந்தவை. குடியாட்சியில் அவ்விருப்பத்திற்கு மதிப்பு உண்டு. ஆயினும் அங்கீகாரம் ஒன்று, நிறுவுதல் மற்றொன்று. ஒன்றைப் பெற்றதால் மற்றொன்று தேவையில்லை என்றாகிவிடாது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து நிறைவுறுகிறது. அவ்வரிசையில் நோயாளியே முதலில் நிற்கிறார் என்பது எண்ணத்தக்கது. கிழக்கேகோட்டையின் இந்நெடிய வரலாற்றில் மருத்துவன் மாறிவிட்டான். மருந்து அப்படியே இருக்கிறது. அதன் மீதான வழக்கும் அப்படியே இருக்கிறது. நோயாளியின் பக்கம் நின்று பார்ப்பின் நாம் கேட்க வேண்டுவன இரண்டு. பழைய திண்ணையில் கிடைத்த பொறுமையான செவி, அரசு மருந்தகத்திலும், ஏன், எல்லா முறை மருத்துவமனைகளிலும், அவருக்கு மீண்டும் கிடைக்கவேண்டும். அவர் நாவில் இடும் உருண்டை எந்நோய்க்கு உதவும், எந்நோய்க்கு உதவாது என்பதை ஒளிவுமறைவின்றி அவருக்குச் சொல்லவேண்டும்.

மகேந்திரலால் சர்க்காரின் படம் ஹோமியோபதியாளர் பலரால் போற்றப்படுகிறது. எதிர்ப்பை அஞ்சாது தாம் நம்பியதைச் சொன்னார் என்பதற்காகப் போற்றுகின்றனர், அது தக்கதே. அவர் சொன்னதோடு நில்லாது, இந்தியன் தன் கையாலேயே இயற்கையைச் சோதித்தறிய ஓர் ஆய்வுக்கூடமும் கட்டினார். அவர் வழிவந்தோர் அவருடைய துணிவைப் பெற்றுக்கொண்டது போலவே அவருடைய ஆய்வுக்கூடத்தையும் தம் உடைமையாக ஏற்று, வரும் முடிவு எதுவாயினும் அதனை மக்கள் முன் வைப்பார்களாயின், 1958-இல் கிழக்கேகோட்டையில் ஓர் அரசு தன் மக்கள்பால் கொண்ட அக்கறை அன்றே முழுமை பெறும்.